விலங்கின் நோயும் மனிதன் மூளையும்



புனே நகரின் வடகிழக்கே விஷ்ராந்த்வாடி என்றொரு பகுதி இருக்கிறது. இளைப்பாறும் குடியிருப்பு என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். ஞானேசுவரரின் பாதுகைகளைப் பல்லக்கில் ஏந்தி ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் நோக்கி நடக்கும் வார்க்கரி அடியார்கள், ஆண்டுதோறும் மழைக்காலத் தொடக்கத்தில் அவ்வழியாகவே புனேக்குள் நுழைகின்றனர். ஒரு காலத்தில் ஊர்ப்புறமாக இருந்த இடம். இன்று மாடி வீடுகளும் கடைவீதிகளும் நெருங்கி நிற்கின்றன. அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத வட்காவ் ஷேரிப் பகுதியில், 2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஒரு சிறு குழந்தைக்குக் காய்ச்சலும் வலிப்பும் கண்டன. பரிசோதனையில் அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று தெரிந்தது. புனே மாநகரில் உறுதி செய்யப்பட்ட முதல் நோயாளி என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

நெல் வயலும் கொக்கும் பன்றியும் சேர்ந்த இடத்து நோய் என்று மருத்துவ நூல்கள் கூறும் ஒரு நோய், இப்பெரிய நகரின் குடியிருப்புக்குள் எவ்வாறு வந்தது? விலங்குகளிடம் வாழும் வைரஸ் ஒன்று மனிதனின் மூளையை ஏன் தாக்க வேண்டும்? இவற்றைப் பற்றியே இன்று சிறிது சொல்ல விரும்புகிறேன்.

வைரஸ் என்பது தனித்து வாழும் ஆற்றல் அற்றது. அதைவிட உருவில் பெரிய பாக்டீரியா என்னும் நுண்ணுயிர், உணவு கிடைத்தால் தானே பெருகும். வைரஸ் அப்படியன்று. ஓர் உயிரணுவுக்குள் புகுந்து, அந்த அணுவின் தொழிற்சாலையையே தனக்காக வேலை செய்ய வைத்துத் தன் படிகளைப் பெருக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு வைரஸுக்கும் பழக்கமான வீடு ஒன்று உண்டு. கொக்கின் உடலில் ஒன்று. வௌவாலின் உடலில் ஒன்று. குரங்கின் மேல் ஊரும் உண்ணியில் ஒன்று. தன் சொந்த வீட்டில் அது பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த பழக்கத்தால் வீட்டுக்காரரும் விருந்தாளியும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்கின்றனர். பழகாத வீட்டுக்குள் தவறி நுழையும்போதுதான் விபரீதம் நேர்கிறது. மனிதன் இவ்வைரஸ்களுக்குப் பழகாத வீடு.

மூளைக்கு இயற்கை வைத்துள்ள காவல் அதிகம். வெளியே மண்டையோட்டின் அரண். உள்ளே, இரத்தத்தில் வரும் பொருள்களில் வேண்டியவற்றை விட்டு வேண்டாதவற்றைத் தடுத்து நிறுத்தும் நுண்ணிய இரத்தக்குழாய்ச் சுவர்கள். ஆயினும் சில வைரஸ்கள் அச்சுவரைக் கடந்துவிடுகின்றன; சில நரம்பு வழியாகவே ஊர்ந்து சென்று புறவாயிலால் நுழைகின்றன. நுழைந்தபின் அந்த அரணே பகையாகிறது. கையில் காயம்பட்டால் வீங்குவதற்கு இடமுண்டு. மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடம் ஏது? வீங்கிய மூளை தன்னைத்தானே நெரித்துக்கொள்கிறது. மேலும், தோலில் அழிந்த அணுவுக்குப் பதில் புதிய அணு தோன்றும். மூளையின் நரம்பணு அழிந்தால் அவ்வாறு ஈடு செய்வது அரிது. ஆகவேதான் மூளைக்காய்ச்சலில் பிழைத்த குழந்தைகளிலும் பலர் கை கால் முடங்கியோ, பேச்சு மங்கியோ, வலிப்பு நீங்காமலோ வாழ நேரிடுகிறது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் இந்தியக் கதை நம் தமிழ் மண்ணிலேயே தொடங்குகிறது. 1955-இல் வேலூரில்தான் இந்நாட்டின் முதல் நோயாளிகள் அடையாளம் காணப்பட்டனர். அப்போது அது சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டம். பெயரில் ஜப்பான் இருப்பதற்குக் காரணம், அந்நாட்டில் 1924-இல் பரவிய பெருங்கொள்ளை நோயும், 1930-களில் அங்கே அந்த வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டதும் ஆகும்.

இவ்வைரஸின் இயற்கை வீடு நாரை, கொக்கு முதலிய நீர்ப்பறவைகள். நெல் வயலில் தேங்கிய நீரில் பெருகும் கியூலெக்ஸ் இனக் கொசுக்கள் பறவையைக் கடித்து வைரஸை ஏற்கின்றன. அதே கொசு பன்றியைக் கடித்தால், பன்றியின் இரத்தத்தில் வைரஸ் மிகுதியாகப் பெருகுகிறது. வளர்ந்த பன்றிக்குப் பெரிதாக ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் அதைக் கடிக்கும் கொசுக்கள் எல்லாம் வைரஸைச் சுமக்கத் தொடங்குகின்றன. வட்டிக்கு விட்ட பணம்போல் ஒன்று நூறாகிறது. மனிதனைக் கடித்தால் கதை அவ்விடத்தோடு நின்றுவிடும். மனித இரத்தத்தில் அடுத்த கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு வைரஸ் சேர்வதில்லை. மாட்டிலும் அவ்வாறே. எனவே ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்கு இந்நோய் ஒட்டாது. நோயுற்ற குழந்தையின் வீட்டாரைத் தெருவார் ஒதுக்கி வைப்பது அறியாமை. அதனால் பயனும் இல்லை.

வைரஸ் தொற்றிய எல்லோருக்கும் மூளைக்காய்ச்சல் வருவதும் இல்லை. ஏறத்தாழ 250 பேருக்குத் தொற்றினால் ஒருவருக்கே கடுமையான நோய் காண்கிறது. ஆனால் அந்த ஒருவராகிவிட்டால் நிலைமை கடினம். கடும் நோயுற்றோரில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மாளக்கூடும். ஆகவே நகரில் ஒரு குழந்தைக்குக் கண்டது என்றால், அதனைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத தொற்று பலருக்கு நேர்ந்து மறைந்திருக்கலாம் என்றே பொருள் கொள்ள வேண்டும். நகர எல்லைகள் வயல்வெளிகளை நோக்கி நகர்ந்துகொண்டே போகின்றன. வீடுகள் எழுந்துவிடுகின்றன, நீர் தேங்கிய பள்ளமும், குப்பை மேட்டில் திரியும் பன்றியும், ஓடையோரக் கொக்கும் உடனே அகன்றுவிடுவதில்லை. கொசுவுக்கு நகரம் எது, நாட்டுப்புறம் எது என்ற பேதமும் இல்லை.

வட நாட்டில் இந்நோய் செய்த கொடுமை பெரிது. 1973-இல் மேற்கு வங்கத்தின் பாங்குரா, பர்துவான் மாவட்டங்களிலும், 1978 முதல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர்ப் பகுதியிலும் அது கொள்ளை நோயாயிற்று. 2005-இல் கோரக்பூரையும் அதன் சுற்றுப்புறங்களையும் தாக்கியபோது மாண்டோர் ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அதன்பின் 2006 முதல் பெருமளவில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். முதலில் சீனத்தில் தயாரான மருந்து வந்தது. பின்னர், கர்நாடகத்தின் கோலாரில் கிடைத்த வைரஸைக் கொண்டு, புனே ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையுடன், நம் நாட்டிலேயே ஒரு தடுப்பூசி உருவாகி 2013-இல் வெளிவந்தது. புனே மாவட்டத்திலும் 2025-இல் ஒன்று முதல் பதினைந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி இயக்கம் நடத்தப்பட்டது. விஷ்ராந்த்வாடியிலும் கடகியிலும் குடியிருக்கும் தமிழ் நேயர்கள் தம் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்ப்பது நலம். அதில் இவ்வூசியின் குறிப்பு இல்லையெனில், அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

புனே ஆராய்ச்சி நிறுவனம் என்றேன். அதன் வரலாற்றையும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1952-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனமும் சேர்ந்து புனேயில் வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. 1978-இல் அது தேசிய வைராலஜி நிறுவனம் ஆயிற்று. புனே இரயில் நிலையத்துக்கு அண்மையில் ஒரு வளாகமும், நகரின் மேற்கே பாஷாணில் மற்றொன்றும் உள்ளன. மிகக் கொடிய வைரஸ்களைக் கையாளுவதற்கான உச்சப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் பின்னர் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே பணியாற்றுவோர் காற்றுப் புகாத உடையணிந்து, வெளியிலிருந்து குழாய் வழி வரும் காற்றையே சுவாசிக்கின்றனர்.

அந்நிலையம் பிறந்து ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் அதற்கு ஒரு சோதனை வந்தது. 1957-இல் அன்றைய மைசூர் இராஜ்யத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டோரக் கிராம மக்களுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. தென் அமெரிக்கக் காடுகளில் குரங்குகளைக் கொல்லும் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்கு வந்துவிட்டதோ என்று முதலில் அஞ்சினார்கள். அங்ஙனம் வந்திருந்தால் நாடெங்கும் பேரழிவு. புனேயிலிருந்து சென்ற ஆராய்ச்சியாளர்கள் அது மஞ்சள் காய்ச்சல் அன்று, உண்ணிகளால் பரவும் முற்றிலும் புதியதொரு வைரஸ் என்று கண்டனர். ருஷ்ய நாட்டுக் காடுகளில் உண்ணியால் பரவும் மூளைக்காய்ச்சல் ஒன்று உண்டு. அதற்கு இது நெருங்கிய உறவு. நோயாளிகளில் சிலருக்குக் காய்ச்சல் தணிந்து, மீண்டும் தோன்றி, இரண்டாம் முறை மூளையைத் தொடுகிறது.

அடுத்ததற்கு மராட்டிய மண்ணின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. 1965-இல் நாகபுரியிலும் சுற்றுப்புறங்களிலும் காய்ச்சல் பரவியபோது, சாந்திபுரா என்ற சிற்றூரைச் சேர்ந்த இரு நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்த பிரவீண் பட், ரோட்ரிக்ஸ் என்னும் புனே விஞ்ஞானிகள் புதியதொரு வைரஸைக் கண்டனர். 1967-இல் அதை வெளியிட்டார்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அது துப்பாக்கிக் குண்டின் வடிவில் இருக்கிறது. வெறிநாய்க்கடி வைரஸும் இதே வடிவம், இதே குடும்பம். மாடு குதிரைகளின் வாயில் கொப்புளம் உண்டாக்கும் ஒரு வைரஸ் இதற்கு இன்னும் நெருங்கிய உறவு. காய்ச்சல் தரும் சிறு கிருமி என்று எண்ணி உலகம் இதைப் பல ஆண்டுகள் பெரிதாகக் கவனிக்கவில்லை.

2003-ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்டு வரை அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் 329 குழந்தைகள் மூளைக்காய்ச்சலுக்கு ஆளாயினர். 183 பேர் மாண்டனர். காலையில் விளையாடிய குழந்தைக்கு மாலையில் காய்ச்சல். பின் வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு. ஓரிரு நாளில் மரணம். ஜப்பானிய மூளைக்காய்ச்சலாக இருக்கும் என்ற ஐயம் பொய்யாயிற்று. புனேயில் நடந்த ஆராய்ச்சி சாந்திபுரா வைரஸைச் சுட்டிக் காட்டியது. மறு ஆண்டு குஜராத்தில் தலைகாட்டியது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2024 ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை, பெரும்பாலும் குஜராத்தில், 245 பேருக்கு மூளைக்காய்ச்சல் கண்டு 82 பேர் இறந்தனர். அவர்களுள் 64 பேருக்குச் சாந்திபுரா தொற்று உறுதியாயிற்று. மற்றவர்களுக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். மூளைக்காய்ச்சல் என்பது ஒரே நோயன்று, பல நோய்களுக்குப் பொதுவான முகம் என்பதை நேயர்கள் மறக்கலாகாது.

இதனைப் பரப்புவது மணல் ஈ. பெயரில் ஈ இருப்பினும் உருவில் கொசுவினும் மிகச் சிறியது. உயரப் பறக்க வலுவில்லாமல் தத்தித் தத்திச் செல்லும். சாதாரணக் கொசுவலையின் கண்களில் புகுந்துவிடும். மண் சுவரின் வெடிப்பு, மாட்டுக்கொட்டிலின் ஈரம், சாணமும் சருகும் மக்கிக் கிடக்கும் மூலை ஆகியவையே அதன் இருப்பிடம். மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் இரத்தத்தில் இவ்வைரஸுக்கு எதிரான பொருள்கள் காணப்பட்டிருக்கின்றன. ஆப்பிரிக்காவில் முள்ளெலியிடமிருந்தும் வைரஸ் கிடைத்திருக்கிறது. அதன் உண்மையான வீடு எந்த விலங்கு என்பது இன்னும் நிறுவப்படவில்லை. இதற்குத் தடுப்பூசியும் நடைமுறைக்கு வரவில்லை. சுவரின் வெடிப்பைப் பூசி அடைப்பதும், குழந்தைகளைத் தரையில் படுக்க விடாமையும், மாலையில் உடலை மூடும் ஆடை அணிவிப்பதும், கொட்டிலை வீட்டிலிருந்து தள்ளி அமைப்பதுமே கைக்கெட்டிய காப்பு. ஏழையின் வீட்டுச் சுவரை யார் பூசித் தருவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மருந்து தெளிக்கச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கைச் சிமெண்டுக்கும் செலவழித்தால் தகும் என்பது என் கருத்து.

நோயின் காரணத்தைத் தவறாகக் கொள்வதால் எத்தகைய கேடு விளையும் என்பதற்கு மலேசியா ஒரு பாடம். 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோருக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. பன்றி இருக்கிறது, மூளைக்காய்ச்சல் இருக்கிறது; ஆகவே ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் என்று முடிவு செய்தார்கள். கொசுவுக்கு மருந்து அடித்தார்கள். மக்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. ஆனால் விஷயம் சற்று முரண்பட்டே இருந்தது. ஜப்பானிய நோய் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே வீழ்ந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் வீழ்ந்தனர். அதற்கு முன்னரே பன்றிகள் உரக்க இருமிச் செத்தன. ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும் இருமல் என்று பண்ணையார்கள் அதைக் குறிப்பிட்டார்கள். ஜப்பானிய வைரஸ் பன்றியை அப்படி இருமச் செய்வதில்லை. இந்த வேறுபாடுகளைப் பொருட்படுத்தாமல் மாதங்கள் ஓடின. நோயுற்ற பன்றிகளை விற்றார்கள். லாரிகளில் ஏறி நோயும் தென்திசை சென்றது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் என்னும் ஆய்வாளர், சுங்கை நிப்பா என்ற கிராமத்து நோயாளியிடமிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார். அது எவரும் அறியாத புது வைரஸ். கிராமத்தின் பெயரே அதற்கு நிப்பா என நிலைத்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பின்னரே நோய் அடங்கியது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். வைரஸின் சொந்த வீடு பழந்தின்னி வௌவால். பன்றிக் கொட்டிலையடுத்து மாமரங்களை வளர்த்திருந்தனர். வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது. பன்றியைப் பேணியவன் மடிந்தான்.

இந்தியாவில் நிப்பா பன்றியின் துணையை நாடவில்லை. 2001-இல் சிலிகுரியில் தோன்றி, மருத்துவமனையிலேயே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவியது. 66 பேரில் 45 பேர் இறந்தனர். 2018 மே மாதத்தில் கோழிக்கோட்டில் தோன்றியபோது, மணிப்பால் ஆய்வுக்கூடமும் புனே நிறுவனமும் சில நாட்களிலேயே வைரஸை அடையாளம் கண்டன. நோயாளிகளைத் தொட்டுப் பேணிய செவிலியர் ஒருவர் உயிர் துறந்தார். ஆயினும் காரணம் விரைவில் தெரிந்ததால், தொடர்புடையோரைத் தனிமைப்படுத்தி நோயை ஒரு சிறு வட்டத்துக்குள் அடக்க முடிந்தது. சிலிகுரிக்கும் கோழிக்கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டில் ஆய்வுக்கூடத்தின் பங்கு பெரிது.

புனேவாசிகளுக்கு மற்றொரு செய்தி. கோடைக்கு நாம் விரும்பிச் செல்லும் மகாபலேசுவரத்துக் குகையொன்றில் 2020-இல் பிடிக்கப்பட்ட வௌவால்களில் நிப்பாத் தொற்றின் அடையாளங்கள் கிடைத்தன என்று புனே நிறுவனம் 2021-இல் தெரிவித்தது. இதைக் கேட்டதும் வௌவாலைக் கொல்லப் புறப்படுவது வீண். வௌவால்கள் மகரந்தம் சேர்ப்பவை, விதை பரப்புபவை, பூச்சி தின்பவை. கலைத்து விரட்டினால் கூட்டம் சிதறி வேறு ஊருக்குப் போகுமேயன்றி வைரஸ் ஒழியாது. குகைக்குள் நுழையாதிருப்பதும், பறவையோ விலங்கோ கடித்த பழத்தைத் தின்னாதிருப்பதும், திறந்த பானையில் இறக்கிய பச்சைக் கள்ளையும் பதநீரையும் கொதிக்க வைக்காமல் அருந்தாதிருப்பதும் எளியவை. வங்க தேசத்தில் ஈச்சம்பானையில் வௌவால் வாய் வைத்ததாலேயே பலர் நோயுற்றனர்.

ஐரோப்பாவிலும் இவ்வாறான கதை உண்டு. ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் போர்னா என்ற ஊரில் 1885-இல் குதிரைப்படையின் குதிரைகள் மூளை நோயால் மாண்டன. மனிதனுக்கும் இது வருமா என்று நெடுங்காலம் வாதாடினார்கள். மனச்சோர்வுக்கே இவ்வைரஸ்தான் காரணம் என்றுகூட 1990-களில் சிலர் எழுதினார்கள். அந்தச் சான்றுகள் பின்னர் நிற்கவில்லை. 2018-இல்தான் இதனால் மனிதர் இறந்தது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. அதன் வீடு ஒருவகை மூஞ்சூறு. எல்லாவற்றுக்கும் வைரஸையே காரணம் சொல்வதும் தவறு, ஒன்றுமில்லை என்று தள்ளுவதும் தவறு என்பதற்கு அந்த வாதமே சான்று.

புதியவற்றைச் சொல்லிக்கொண்டே போய்ப் பழையதை விட்டுவிடக் கூடாது. விலங்கிடமிருந்து வந்து மூளையைத் தாக்கும் வைரஸ்களில், நம் தெருக்களில் அன்றாடம் எதிர்ப்படுவது வெறிநாய்க்கடி வைரஸ்தான். மற்றவற்றில் பல இரத்த வழியே வர, இது கடித்த இடத்து நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மூளையை நோக்கி ஊர்கிறது. அதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அந்த இடைவெளியே நமக்குக் கிடைத்த வரம். கடித்த பின்னும் தடுப்பூசி போட்டுப் பிழைக்கக்கூடிய நோய் இது. நீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

நாய்க்கடி ஊசி என்றால் வயிற்றில் பதினான்கு என்று நடுங்குவோர் இன்றும் உண்டு. அந்த அச்சத்துக்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. பழைய மருந்து ஆட்டின் மூளையிலிருந்து எடுக்கப்பட்டது. சிலருக்கு அம்மருந்தே மூளையழற்சியைத் தந்ததும் உண்மை. இந்தியாவில் அதன் உற்பத்தி 2004-இன் இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று போடப்படுவது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அணுக்களிலிருந்து எடுத்த மருந்து. அது கையில்தான் போடப்படுகிறது. தோலிலேயே போடும் முறையில் கடித்த நாளிலும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் போட்டுக்கொள்ள வேண்டும். இரத்தம் கசியும் காயமாயின் அதற்குரிய எதிர்ப்புச் சீரத்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவார்கள். மருத்துவமனைக்குப் புறப்படும் முன்பே, மஞ்சளோ சுண்ணாம்போ தடவாமல், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவுங்கள். நாய்க்குட்டி விளையாட்டாகக் கீறியது என்று பிள்ளைகள் சொல்ல மறைப்பார்கள். கேட்டறிந்து, அன்றே அழைத்துச் செல்லுங்கள்.